ஜென்னில் எஸ்டீம் எஞ்சின்: ஏசி வயரிங்கைச் சரிசெய்த கொண்டலாம்பட்டி பட்டறை

பெயர்ப் பலகையே இல்லாத கடைக்கு எப்படி விமர்சனம் எழுதுவது என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் போன கோடை முழுக்க நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது. சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து ஊருக்குள் வரும் வழியில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட். வாசலில் கழற்றிய கண்டென்சர்களை (ஏசியின் சூட்டை வெளியே தள்ளும், ரேடியேட்டர் மாதிரியான பாகம்) தோரணம் மாதிரிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கத்து டீக்கடையில் "ஏசி அண்ணன் பட்டறை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். அவ்வளவுதான் முகவரி.

என் வண்டி 2003 மாருதி ஜென். அதன் 993 சிசி எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்து, கடைசியில் பெட்ரோலை விட ஆயிலுக்கு அதிகம் செலவாகிற நிலைக்கு வந்ததும், மாருதியின் இன்னொரு காரான எஸ்டீமின் 1298 சிசி, 16 வால்வு எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தேன். இரண்டும் சுசுகியின் ஒரே ஜி குடும்பத்து எஞ்சின்கள், அதனால் உட்கார வைப்பதில் பெரிய சண்டை இல்லை. அனுமதி வாங்குவது, ஆர்சியில் எஞ்சின் எண்ணை மாற்றுவது எல்லாம் தனிப் புராணம், அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அதை முடிக்காமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஏதாவது இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்.

எஞ்சின் மாற்றிய மெக்கானிக் நல்ல வேலைக்காரர், ஆனால் ஏசி என்றதும் "அது எலக்ட்ரீஷியன் வேலைங்க" என்று கையைக் கழுவிவிட்டார். எஸ்டீம் எஞ்சினோடு அதன் கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பாகம்), பிராக்கெட், பெல்ட் எல்லாம் வந்திருந்தன. ஜென்னின் கண்டென்சரும், உள்ளே காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலும் பழைய இடத்திலேயே இருந்தன. நடுவில் ஹோஸ் அடித்து, வயர் கொடுத்து, கேஸ் ஏற்றினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தெரிந்தவர் சொன்ன ஓர் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன் (யார், எந்தப் பகுதி என்பதெல்லாம் வேண்டாம்). அரை நாளில் முடித்து, 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "சுவிட்சைப் போட்டுப் பாருங்க சார்" என்றார். போட்டேன். ஜில்லென்றுதான் வந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது நாள் ஐந்து ரோடு சிக்னலில் வண்டி நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, பின்னால் டவுன் பஸ் ஹாரன், எனக்கு வேர்வை. ஏசியை அணைத்தால் ஓடும், போட்டால் சிக்னலுக்குச் சிக்னல் உதறி நிற்கும். ஓமலூர் பக்கம் அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் வேறு கதை: காற்று மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் புளோயர் (உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன்) நான்கில் ஓடும் சத்தம் மட்டும் வரும், காற்று வராது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் வண்டிக்கு அடியில் குடம் கவிழ்த்த மாதிரி தண்ணீர். இரவில் ஹெட்லைட்டும் போட்டால் பெல்ட் பக்கத்திலிருந்து கருகல் வாசனை. இதோடு ஆக்சிலரேட்டர் வேறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போனது. அதற்கும் ஏசிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவில் கூட நினைக்கவில்லை. எலக்ட்ரீஷியனிடம் திரும்பப் போனால் "ஐடிலைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கங்க" என்றார், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை. ஏற்றி வைத்தேன், பெட்ரோல்தான் கூடுதலாகக் குடித்தது.

இந்த நிலையில்தான் கொண்டலாம்பட்டி. அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காதில் ஒரு பென்சில், பேச்சு குறைவு, முகத்தில் எப்போதும் யார் மேலோ ஒரு கோபம். நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். கேஸ் பிரஷர் பார்க்கும் கேஜ் செட்டைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்தார், பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார், அடிக்கும்போதே ஆக்சிலரேட்டர் கேபிளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார். "தொட்டுப் பாருங்க தம்பி." தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி இல்லை என்றாலும், டீ டம்ளர் அளவுக்குச் சூடு.

அப்புறம் மல்டி மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சின் ஒழுங்காக எர்த் ஆகியிருந்தால் அரை வோல்ட் கூட வரக்கூடாது. விஷயம் இதுதான். பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு தடித்த வயர் போக வேண்டும், எஞ்சின் மாற்றும்போது அதைக் கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். எஞ்சின் நிற்பதோ ரப்பர் மவுண்டில், ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட், கம்ப்ரசர் கிளட்சின் (பெல்ட்டோடு கம்ப்ரசரைச் சேர்த்துப் பிரிக்கும் பாகம்) கரண்ட் எல்லாம் கிடைத்த வழியில், அதாவது மெல்லிசான ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக, பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கேபிள் உள்ளே வெந்து, ஸ்லீவ் இளகி, இறுகிவிட்டது. கம்ப்ரசர் கிளட்சின் ஒரு முனை அதன் உடம்பு வழியாகவே எர்த் ஆவது, ஆகவே எஞ்சினுக்கு எர்த் இல்லையென்றால் கிளட்சுக்கும் இல்லை. எஞ்சின் மாற்றியவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்ததும் முதலில் போய் அந்த எர்த் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, பேட்டரியில் அளந்தார்: 14.1. கிளட்ச் சாக்கெட்டில் அளந்தார்: 10.3. கிட்டத்தட்ட நான்கு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. இந்த கிளட்ச் என்பது ஒரு மின்காந்தம், மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும், வோல்ட் குறைந்தால் தட்டை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறி இன்னும் வழுக்கும். என் மூக்குக்கு வந்த கருகல் வாசனை அதுதான். முன்பு செய்தவர் ரிலே (சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) என்ற ஒன்றே போடவில்லை. புளோயர் சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, அதிலேயே கிளட்சையும் கண்டென்சர் ஃபேனையும் மாட்டியிருந்தார். ஃபேன் மட்டுமே பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே அந்த இணைப்பைச் சுற்றியிருந்த டேப்பை அண்ணன் பிரித்தார், டேப்பின் பசை தார் மாதிரி உருகி வழிந்திருந்தது, உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. அதை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

எனக்கு இந்தப் பட்டறை பிடித்துப் போனது அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு வரியால். "கம்ப்ரசர் சுத்துறது பெரிய விஷயமே இல்லீங்க தம்பி, ரெண்டு வயரைக் கொடுத்தா எதுவும் சுத்தும். எஞ்சினைக் கேட்டுட்டுச் சுத்தணும்." சொல்லிவிட்டு ஒரு பல்பு அட்டைப் பெட்டியைக் கிழித்து, காதுப் பென்சிலால் படம் போட்டார். அந்த அட்டை இன்னும் என் கிளவ் பாக்ஸில் இருக்கிறது.

அவர் போட்ட படத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஏசி சுவிட்சைப் போட்டால், வேக்கம் வைத்து ஐடிலைத் தூக்க ஒரு சின்ன ஏற்பாடு இருக்கும், அதோடு சரி. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அப்படி இல்லை. ஏசி சுவிட்ச், கூலிங் காயிலின் குளிரைப் பார்க்கும் தெர்மிஸ்டர், கேஸ் பிரஷர் சுவிட்ச், இந்த மூன்றும் சரி என்றால் "ஏசி வேண்டும்" என்று ஒரு சிக்னல் இசிஎம்முக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, போகும். இசிஎம் முதலில் ஐடில் வால்வைத் திறந்து ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றும், எஞ்சின் கொதிக்கவில்லையா, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கவில்லையா என்று பார்க்கும், எல்லாம் சரி என்றால்தான் கம்ப்ரசர் ரிலேயை இழுக்க விடும். எனக்குச் செய்தவர் இந்த உரையாடலையே வெட்டி எறிந்துவிட்டார். ஏசி வருவது எஞ்சினுக்குத் தெரியாது, திடீரென்று முதுகில் ஒரு மூட்டையை வைத்த மாதிரி, சிக்னலில் உட்கார்ந்துவிட்டது. தெர்மிஸ்டரை இணைக்காமல் விட்டதால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, காயிலின் மேல் ஐஸ் கட்டி, காற்றுக்கு வழியில்லாமல் போனது. ஓரம் கட்டியபோது குடம் குடமாகக் கொட்டியது அந்த ஐஸ் உருகிய தண்ணீர். இதையெல்லாம் விட மோசம், பிரஷர் சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருந்தது. கேஸ் ஒழுகித் தீர்ந்து போனாலும் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் வறண்டு ஓடியிருக்கும், ஃபேன் நின்று பிரஷர் எகிறினாலும் நிற்காமல் ஓடியிருக்கும். ஐடிலை ஏற்றி வைத்துக்கொள்ளச் சொன்ன அறிவுரை இப்போது எப்படி இருக்கிறது பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எஸ்டீம் எஞ்சினுக்கு எஸ்டீம் இசிஎம்தான் இருந்தது, ஆனால் டேஷ்போர்டுக்குள் ஜென்னின் ஏசி கன்ட்ரோலர். இசிஎம்மோடு ஒத்துப்போக, எஸ்டீமின் கன்ட்ரோலர் பெட்டியை அதன் சாக்கெட்டோடும், ஒரு ஜாண் வயரோடும் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார், சாக்கெட் இல்லாமல் வந்தால் திரும்பிப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். ஈரோடு பக்கம் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் இரண்டு நாள் அலைந்து 700 ரூபாய்க்கு வாங்கினேன். எஞ்சின் வாங்கும்போதே ஏசி கன்ட்ரோலர், தெர்மிஸ்டர், பிரஷர் சுவிட்ச், ரிலே சாக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

அவர் செய்த வேலையில் எனக்கு மறக்காதது தெர்மிஸ்டர் சோதனை. டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர், அதில் ஐஸ் கட்டி போட்ட தண்ணீர். ஜென்னின் தெர்மிஸ்டரையும் எஸ்டீமின் தெர்மிஸ்டரையும் ஒன்றாக நூலால் கட்டி உள்ளே தொங்கவிட்டு, மீட்டரை மாற்றி மாற்றி வைத்து அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் ஏற வேண்டும், இரண்டும் ஏறின, ஆனால் ஒரே அளவில் ஏறவில்லை. ஆகவே எஸ்டீம் பெட்டிக்கு எஸ்டீம் தெர்மிஸ்டர்தான் என்று முடிவு செய்து, அதை ஜென்னின் கூலிங் காயில் இதழ்களுக்கு நடுவே செருகினார். தப்பானதைச் செருகியிருந்தால் ஒன்று சீக்கிரமே கட் ஆகி குளிராது, இல்லை தாமதமாகக் கட் ஆகி மறுபடி ஐஸ் கட்டும். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் "என்னண்ணா, சர்பத் போடறீங்களா" என்று கேட்டார். அண்ணன் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வயரிங் இப்படி: பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், அதில் கிளட்சுக்கு 10 ஆம்பியர் பியூஸ் தனி, ஃபேனுக்கு 20 ஆம்பியர் பியூஸ் தனி, ஆளுக்கொரு ரிலே. ஏசி போட்டால் கண்டென்சர் ஃபேன் கூடவே ஓடும். கிளட்ச் வயரில் ஒரு டயோடு, இரண்டு ரூபாய்ச் சாமான். கிளட்ச் கட் ஆகும் ஒவ்வொரு தடவையும் காயிலிலிருந்து திரும்பி அடிக்கும் வோல்ட்டை அது விழுங்கிவிடும், இல்லையென்றால் ரிலேயின் முனை கருகும். இணைப்பு எல்லாம் சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஒரே இடத்தில் முடிச்சு விழாதபடி ஏற்ற இறக்கமாக. எஞ்சின் பக்கம் போகிற கட்டில் கொஞ்சம் வளைவு விட்டுக் கட்டினார், எஞ்சின் ஆடும்போது இழுபடாமல் இருக்க. வயர் நிறத்தை நம்பவே மாட்டார், ஒவ்வொன்றையும் சாக்கெட் முனையிலிருந்து பீப் சத்தம் வைத்துப் பார்த்த பிறகுதான் தொடுவார். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இசிஎம் வயர் பக்கம் கொண்டு போன பையனுக்கு விழுந்த திட்டு எனக்கே விழுந்த மாதிரி இருந்தது. அந்த பல்பு இழுக்கிற கரண்ட்டை இசிஎம்முக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காது.

கேஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரையரை மாற்றினார், பைப் திறந்தே கிடந்த மாதங்களில் அது ஈரத்தை முழுக்கக் குடித்திருக்கும் என்பதால். ஹோஸ் புதிதாக அடித்து, ஓ ரிங் மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு (பைப்பிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), ஒழுகி முள் ஏறுகிறதா என்று அரை மணி நேரம் சும்மா விட்டு, அதன் பிறகே ஆர்134ஏ கேஸ். தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றினார். பைப்பைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்று சொல்கிற கைப்பழக்கம் இல்லை.

கடைசியில் கிளட்ச் சாக்கெட்டில் அளந்தால் 13.8. ஏசி போட்டதும் ஐடில் ஒரு நொடி யோசித்து, கொஞ்சம் ஏறி, அப்புறம் "டிக்". அந்த டிக் சத்தத்துக்கு முன்னால் வரும் ஒரு நொடி யோசனைக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

"அடிவாரம் தாண்டி மேலே ஏத்திப் பாருங்க" என்றார். "ஏற்காடு போறதுக்கு ஏசி எதுக்குங்க" என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு என்பது இந்த வேலைக்கு வைக்கிற முழு ஆண்டுப் பரீட்சை. நாலு பேர், பின்னால் பை, ஏசி இரண்டில். வளைவில் இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஏசி கட் ஆகிறது, சில நொடி கழித்துத் திரும்ப வருகிறது. எட்டாவது வளைவில் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது, மறுபடி ஏதோ வயர் விட்டுப் போச்சு என்று ஓரம் கட்டி அண்ணனுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை (எப்போதும் எடுக்க மாட்டார்). பிறகுதான் அட்டைப் படம் நினைவுக்கு வந்தது: அடிவரை மிதித்தால் எஞ்சின் தன் முழு பலத்தையும் மேட்டுக்குக் கேட்கிறது, இசிஎம் கம்ப்ரசரைக் கழற்றி விடுகிறது. சரியாகத்தான் வேலை செய்கிறது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை.

மேலே போனதும் மனைவியின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஏரிக்கு முன்னாலேயே மேகம் இறங்கி, உள்ளே நாலு பேர் மூச்சில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பியதும் ஒரு நிமிடத்தில் தெளிந்தது. கூலிங் காயில் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடுவதால்தான் அது. குளிர் வேண்டாம் என்றால் ஹீட்டர் குமிழையும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஏற்காடு போகிறவர்கள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு பயமாக இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார். பில் கிடையாது, அதே அட்டையில்தான் கணக்கு. உட்கார ஒரே ஒரு நாற்காலி, அதிலும் எப்போதும் ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டைத் திரும்ப மாட்டியதில் ஒரு கிளிப் போடாமல் விட்டுவிட்டார்கள், குண்டு குழியில் இன்னும் கடகடக்கிறது. கேள்வி அதிகம் கேட்டால் முகம் சுளிப்பார். புது பிஎஸ்6 வண்டியோடு போகாதீர்கள், "கம்பெனிக்கே போங்க" என்று அவரே அனுப்பிவிடுவார். 800, ஜென், எஸ்டீம், அம்பாசிடர் மாதிரி வண்டி என்றால் மட்டும்தான் ஆசையோடு தொடுவார்.

செலவு: வயரிங்கும் ரிலேவும் 6,500, ஹோஸ் இரண்டும் 3,800, டிரையர், ஓ ரிங், கேஸ் எல்லாம் சேர்த்து 3,200, ஆக்சிலரேட்டர் கேபிள் தனியாக 350. எர்த் வயருக்குக் காசு வாங்கவில்லை, கேட்டதற்கு "அது இருந்திருக்க வேண்டியதுங்க" என்றார். முதலிலேயே இங்கே வந்திருந்தால் அந்த 4,500 மிச்சமாகியிருக்கும் என்று மனைவி வாரம் ஒரு முறை நினைவுபடுத்துகிறாள்.

போவதாக இருந்தால் பங்குனிக்கு முன்னாலேயே போங்கள், வெயில் ஏறிவிட்டால் வாசலில் ஏழெட்டு வண்டி வரிசையில் நிற்கும். காலை ஒன்பதரைக்குள் போனால் ஷெட்டுக்குள் நிழலில் இடம் கிடைக்கும். போன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரில்தான்.